கறுப்புக் கயிறும் கைக்கடிகாரமும்

அரியூர் நாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தோம். வன உரிமைச் சட்டம் பற்றிப் பேசுவதற்காகத்தான் போனது. பேச்செல்லாம் முடிந்து வரக்காப்பி வந்த நேரத்தில், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். சமவெளியில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தபோது கழுத்தில் தொங்கிய அட்டை. வேலையை விட்டு வந்த பிறகும் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறார். அதற்குள் ஆர்எஃப்ஐடி வில்லை இருக்கிறது. வாசல், சாப்பாட்டுக் கூடம், கழிப்பறைப் பக்கம் என்று எங்கே போனாலும் சுவரில் இருக்கும் ரீடர் அதைப் படித்துவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆளைக் காணோம் என்றால் அரை மணி நேரக் கூலி பிடிப்பு.

பக்கத்தில் இருந்த அவருடைய ஆயா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம மாட்டுக்குக் காதுல போட்டாங்களே, அதாட்டம் இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தோம். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கக்கூஸ் போனேன்னு இந்த வில்லைக்குத் தெரியும். எங்கப்பா மிளகு பறிக்கிறப்போ ஏணியிலிருந்து விழுந்தது எனக்குத் தெரிய ராத்திரி எட்டு மணி ஆயிருச்சு" என்றார்.

அப்பா விழுந்தது காலை பத்து மணிக்கு. தூளி கட்டி ரோடு வரைக்கும் தூக்கி வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஓயாமல் போன் அடித்திருக்கிறார்கள். போன் வாசலில் வாங்கி வைக்கப்பட்டிருந்தது. அலுவலக எண்ணுக்கும் அடித்திருக்கிறார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை. அவர் எந்த வரிசையில், எந்த அலமாரிக்கு முன்னால் நிற்கிறார் என்று கணினித் திரையில் ஒரு புள்ளி காட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் புள்ளியிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் ஆளில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார். இப்போது கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

மலையை விட்டு இறங்கும்போது, அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்களுக்குள் ஓடியது அந்த ஒரு வாக்கியம்தான். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

வில்லைக்கு இரண்டு முனை

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம் தோழர்களே. தெரியாததை எதிர்த்தால் நம்மைப் பழமைவாதி என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆர்எஃப்ஐடி என்பது வானொலி அலை வழியாக அடையாளம் காணும் முறை. அதில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று வில்லை: ஒரு சின்னச் சில்லும், அதைச் சுற்றி அலைவாங்கியும். இன்னொன்று ரீடர். ரீடர் அலையை வீசும். வில்லை அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். சாதாரண வில்லைக்கு பேட்டரி கிடையாது. கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இதே ரகம்தான். 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் கட்டாயமானது. நூலகப் புத்தகத்தில் இருக்கிறது, மெட்ரோ ரயில் அட்டையில் இருக்கிறது.

இதன் மூதாதை ஒரு ஒற்றுக் கருவி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1945இல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மரத்தில் செதுக்கிய ஒரு சின்னத்தைப் பரிசளித்தார்கள். தூதர் அதை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்தார். அதற்குள் இருந்த ஒட்டுக்கேட்புக் கருவியைக் கண்டுபிடிக்க 1952 வரை ஆனது. பேட்டரி இல்லை, கம்பி இல்லை. வெளியிலிருந்து அலையை வீசினால் மட்டும் உயிர் பெறும். அலை நின்றால் செத்த கட்டை. லெவ் தெரெமின் என்ற விஞ்ஞானியின் வேலை அது.

இப்போது புதுப்புது வழிகள் வந்துவிட்டன. பேட்டரியோடு தானே பேசும் வில்லை, புளூடூத் வில்லை, செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லும் ஜிபிஎஸ் கடிகாரம், சில கிலோமீட்டர் தூரத்துக்குக் குறைந்த மின்சாரத்தில் செய்தி அனுப்பும் லோரா. 2013இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காற்றில் ஏற்கெனவே திரியும் தொலைக்காட்சி அலைகளை வைத்தே பேட்டரியில்லாத இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியும் என்று செய்து காட்டினார்கள். மேலே இருக்கிற ரீடரிடம் மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கிற வில்லையிடமும் வில்லை பேசலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

ஆக எந்தப் புது வழியாக இருந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். வில்லை யார் உடம்பில், ரீடர் யார் கையில்?

"தொழில்நுட்பத்துக்குச் சாதி கிடையாது" என்று சொல்லும் நண்பர்களுக்கு நம் பதிலும் இதுதான். கத்திக்குச் சாதி கிடையாது. பிடி யார் கையில் என்பதற்கு உண்டு.

மணிக்கட்டில் கட்டியவை

உழைக்கிறவன் மணிக்கட்டில் அடையாளம் கட்டுவது இந்த நாட்டில் புதிதா? 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அண்ணல் அம்பேத்கர் பேஷ்வாக்கள் ஆட்சியைப் பற்றி எழுதியதை மறுபடி எடுத்துப் படியுங்கள். தீண்டப்படாதவர் மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்டியிருக்க வேண்டும். தெரியாமல் தொட்டுத் தீட்டாகிவிடக் கூடாதாம். புனேயில் இடுப்பில் துடைப்பம், நடந்த தடத்தை அழிக்க. கழுத்தில் மண்கலயம், எச்சில் தரையில் விழாமலிருக்க. அந்தக் கயிறும் ஒரு வில்லைதான். பார்க்கிறவன் கண்தான் ரீடர். கயிறு ஒரே ஒரு தகவலைத்தான் சொல்லும்: விலகி நில்.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம். பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்தி, கைரேகை எடுத்து, பதிவேட்டில் ஏற்றினான். 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது இறங்கியது. ஊரை விட்டு நகர வேண்டுமானால் ராதாரிச் சீட்டு. இரவானால் காவல் நிலையத்தில் ஆள் எண்ணிக்கை. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆளை இடத்தோடு சேர்த்துக் கட்டி, இடம் மாறினால் குற்றம் என்று சொன்ன சட்டம் அது. இன்றைக்குக் கணினியில் போடும் எல்லைக்கோடு அன்றைக்குத் தாசில்தார் மையில் போட்ட அதே கோடுதான்.

சரி, அதெல்லாம் பழங்கதை என்பீர்களா? நம் பள்ளிக்கூடங்களுக்கு வாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று பையன்கள் கையில் கட்டும் கயிறு யார் எந்தச் சாதி என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவன் வீட்டுக்குள் புகுந்து உடன் படித்தவர்களே வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னார் அவர். அதற்கு எழுந்த கூச்சல் உங்களுக்குத் தெரியும். சாதிப் பெருமைக்காரன் தானே விரும்பிக் கட்டிக்கொள்ளும் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் பண்பாடு போய்விடும் என்கிறார்கள். துப்புரவுத் தொழிலாளி கையில் வலுக்கட்டாயமாக மாட்டும் கடிகாரத்தை அவிழ்க்கச் சொன்னால் மட்டும் வளர்ச்சி போய்விடும் என்கிறார்கள்.

ஆம், கடிகாரம். அங்கேதான் வருகிறோம்.

நாக்பூரிலும் சண்டிகரிலும் மாட்டிய கடிகாரம்

நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா ஆகிய நகரங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு ஜிபிஎஸ் கைக்கடிகாரம் மாட்டினார்கள். திட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: மனிதத் திறன் கண்காணிப்பு அமைப்பு. ஒவ்வொருவருக்கும் வரைபடத்தில் ஒரு எல்லை. வேலை நேரத்தில் அந்த எல்லையைத் தாண்டினாலோ கடிகாரத்தைக் கழற்றினாலோ கூலி போகும். கடிகாரத்துக்குள் சிம் கார்டு இருக்கிறது. கேமராவும் ஒலிவாங்கியும் இருப்பதாகத் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். பெண்கள் கழிப்பறைக்குப் போகும்போது என்ன செய்வதென்று தவித்தார்கள். அதிகாரிகள் "அதையெல்லாம் பயன்படுத்துவதில்லை" என்றால், அந்தச் சொல்லை நம்பித் துணியை அவிழ்க்க எந்த அதிகாரி வீட்டுப் பெண் சம்மதிப்பார்? 2020இல் பஞ்ச்குலாவிலும் சண்டிகரிலும் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். எங்களைக் கொத்தடிமையாக்குகிறீர்கள் என்று கத்தினார்கள்.

அந்தக் கடிகாரம் யார் கையில் ஏறியது? ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தார்கள். 2024 செப்டம்பரில் வெளிவந்த விவரப்படி, கணக்கெடுத்த ஏறத்தாழ 38,000 பேரில் 91.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதியினர் மட்டும் 68.9 விழுக்காடு. வேலையைச் சாதி பார்த்துக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கென்று ஒரு கடிகாரம் செய்தால், அந்தக் கடிகாரத்துக்குச் சாதி வந்துவிடுகிறது. யாரும் தனியாக அதில் எழுத வேண்டியதில்லை.

"ஐடி கம்பெனிக்காரனும்தானே கார்டு தேய்க்கிறான்?" என்று கேட்பவர்கள் உண்டு. தேய்க்கிறான். அந்தத் தம்பி வேலை பார்த்த கிடங்கிலும் மேலாளர்கள் கழுத்தில் அட்டை தொங்கியது. அவர்களுக்கு அது கதவைத் திறந்தது. தம்பிக்கு அது கூலியைத் தின்றது. ஒரே அட்டை, ஒரே சில்லு. கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பவனுக்கு அது சாவி, கேட்க முடியாதவனுக்கு அது பூட்டு.

"வராமலே சம்பளம் வாங்குகிறார்களே?"

இது அடுத்த கேள்வி. நேர்மையான கேள்வியும்கூட. வருகைப் பதிவேட்டில் பேய்ப் பெயர்கள் இருக்கின்றன. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்களை எழுதுவது யார்? தொழிலாளி தன் பெயரைத் தானே இரண்டு தடவை எழுதிக்கொள்ள முடியுமா? பதிவேடு மேஸ்திரியிடம், ஒப்பந்தக்காரரிடம், அதற்கு மேல் அலுவலகத்தில் இருக்கிறது. திருட்டு நடக்கிற இடம் ஒன்று, வில்லை மாட்டுகிற இடம் வேறொன்று.

நூறு நாள் வேலையில் இதைக் கண் முன்னால் பார்த்தோம். 2023 ஜனவரி 1 முதல் பணித்தளங்களில் கைபேசிச் செயலி வழியாகத்தான் வருகைப் பதிவு; ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இடக் குறிப்போடு புகைப்படம். கொல்லிமலை மாதிரி இடத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று டெல்லியில் உட்கார்ந்து யோசித்தவர் யாரும் இல்லை. பணித்தளப் பொறுப்பாளர் அக்கா கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னலுக்காக மேட்டுக்கு மேடு ஏறுகிறார். வேலையை முடித்த பெண்கள் இரண்டாவது போட்டோவுக்காக வெயிலில் காத்திருக்கிறார்கள். படம் ஏறாவிட்டால் கூலி ஏறாது. மண் வெட்டிய குழி அங்கேயே இருக்கும், வேலை நடக்கவில்லை என்று கணினி சொல்லும். 2023இல் பல மாநிலத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் உட்கார்ந்து இதை எதிர்த்தார்கள்.

திருட்டாவது நின்றதா? 2025 ஜூலையில் அதே ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள், ஆள் எண்ணிக்கைக்கும் படத்துக்கும் பொருந்தவில்லை என்று. இரண்டரை ஆண்டு கழித்து இந்த ஞானம். திருட வேண்டியவர்கள் படத்தைப் படம் பிடித்துத் திருடிவிட்டார்கள். வெட்டிய குழிக்குக் கூலி கிடைக்காத அக்காக்களுக்கு யார் சுற்றறிக்கை அனுப்புவது?

கண்காணிப்பு எப்போதும் கீழ்நோக்கியே பாய்கிறது. மேலே இருப்பவன் திருடினாலும் கீழே இருப்பவன் கையில்தான் கட்டுகிறார்கள்.

கடிகாரம் அளக்காதவை

அந்தக் கடிகாரம் தொழிலாளி எத்தனை மணிக்கு வந்தார், எந்தத் தெருவில் நின்றார் என்று சொல்லும். குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சரிந்துவிடுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சரிகிறார். ஒரே குழியில் அண்ணனும் தம்பியும் செத்த செய்தியை எத்தனை தடவை படித்துவிட்டோம்? 1993 முதல் கணக்கெடுத்தால் இப்படிச் செத்தவர்கள் எண்ணிக்கையில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பது நம் தமிழ்நாடு. சமூகநீதி மாநிலம்!

வாயுவை அளந்து அலறும் கருவி இருக்கிறது. பல தொழிற்சாலைகளில் பொறியாளர் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார். அதைத் தொழிலாளிக்கு வாங்கப் பணமில்லை, அவரைப் பின்தொடரும் கடிகாரத்துக்குப் பணம் இருக்கிறது. 2013இல் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. இறந்தால் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறோம். இறங்காமலிருக்கக் கருவி எங்கே?

இப்போது வேறொரு நாட்டுக் கதை. 2006 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சாகோ என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து. 13 பேர் சிக்கினார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. உயிரோடிருக்கிறோம் என்று கீழே இருப்பவர்களால் சொல்லவும் முடியவில்லை. 40 மணி நேரத்துக்கு மேல் ஆகி மீட்புக்குழு போய்ச் சேர்ந்தபோது ஒருவர்தான் பிழைத்திருந்தார். நாடே கொதித்தது. அதே ஆண்டு ஜூனில் சட்டம் வந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்திலும், விபத்துக்குப் பிறகும் வேலை செய்யும் இருவழிக் கம்பியில்லாத் தொடர்பும், ஆள் இருக்குமிடம் காட்டும் மின்னணு ஏற்பாடும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதன் பிறகு சுரங்கத் தொழிலாளிகள் ஆர்எஃப்ஐடி வில்லையோடு இறங்கினார்கள்.

அங்கேயும் வில்லைதான், ஆளைப் பின்தொடரும் கருவிதான். ஆனால் அது கூலியை வெட்டக் கேட்டு வாங்கியதல்ல, உயிரைக் காக்கக் கேட்டு வாங்கியது. இருக்குமிடம் காட்டுவதும் இருவழிப் பேச்சும் ஒரே மூச்சில் சட்டத்தில் எழுதப்பட்டன. நாங்கள் சொல்ல வருவதும் இதுவே. பேச்சோடு வரும் வில்லை பாதுகாப்பு. பேச்சை வெட்டிவிட்டு வரும் வில்லை விலங்கு. அரியூர் நாட்டுத் தம்பிக்கு நடந்தது இரண்டாவது.

சட்டம் யார் பக்கம்?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். நாமும் கொண்டாடினோம். 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 7ஆம் பிரிவைப் படியுங்கள். வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காக, முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காக, தொழிலாளியின் சம்மதம் கேட்காமலே அவருடைய தரவைக் கையாளலாம் என்கிறது. ஒரு செயலி உங்கள் போன் எண்ணை எடுக்கச் சம்மதம் கேட்க வேண்டும். உங்கள் முதலாளி உங்கள் கழிப்பறை நேரத்தை எடுப்பதற்கோ, வேலை தொடர்பானது என்று சொல்லிக்கொள்ள இந்தப் பிரிவில் வழி இருக்கிறது.

அதே சட்டம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தியது. முன்பு, பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தர வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்று சொன்னால் போதும், மறுக்கலாம். பேய்ப் பெயர்கள் இருக்கும் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பிரிவைக் காட்டுவார்கள். நம்மைப் பற்றிய தரவு அவர்களுக்குத் திறந்த வீடு. அவர்கள் வைத்திருக்கும் கணக்கு நமக்கு மூடிய கதவு. ரீடர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

2025 ஆகஸ்டில் சென்னையில் பார்த்தோமே. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், தலித் பெண்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை இழுத்து வண்டியில் ஏற்றியது. பல ஆண்டுகள் மாநகராட்சிக்கு உழைத்தவர்களிடம், இனி உன் முதலாளி நாங்கள் இல்லை என்றார்கள். ஒப்பந்த முறையின் சாரமே இதுதான். நீ எங்கே நிற்கிறாய் என்பது அவர்களுக்கு நொடிக்கு நொடி தெரிய வேண்டும். உன் முதலாளி யார் என்பது மட்டும் உனக்குத் தெரியவே கூடாது.

ரீடரைத் திருப்புவோம்

வில்லையே வேண்டாம் என்று சொல்லும் தோழர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ரயில் வந்தபோது ஒரே பெட்டியில் உட்கார நேர்ந்ததே என்று அழுதது சாதிதான், நாமல்ல. கருவி நம் கைக்கும் வர வேண்டும். எந்த நகராட்சியிலாவது, ஆலையிலாவது, கிடங்கிலாவது வில்லையோ கடிகாரமோ வந்தால் நாம் வைக்க வேண்டிய நிபந்தனைகள் இவை.

1. இருவழியாக இருக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் தொழிலாளி உதவி கேட்க முடிய வேண்டும்; வீட்டில் ஆபத்தென்றால் செய்தி அவரிடம் வந்து சேர வேண்டும். இது இல்லாத கருவியைக் கையில் மாட்ட விடக் கூடாது.

2. பதிவாகும் ஒவ்வொரு தகவலையும் தொழிலாளியும் சங்கமும் பார்க்க முடிய வேண்டும். தவறென்றால் மறுக்க இடம் வேண்டும். கருவி சொன்னதை மட்டும் வைத்து ஒரு ரூபாய் கூலியைக்கூட வெட்டக் கூடாது.

3. கழிப்பறை, சாப்பாடு, ஓய்வு நேரங்களில் கருவி அணைந்திருக்க வேண்டும். கேமராவும் ஒலிவாங்கியும் உடம்பில் மாட்டும் கருவியில் இருக்கவே கூடாது.

4. குழிப் பக்கம் வேலை என்றால் வாயு அளக்கும் கருவி முதலில், இடம் காட்டும் கருவி அதற்குப் பிறகு. குழிக்குள் மனிதர் இறங்குவது எந்தக் கருவியோடும் கூடாது. இயந்திரம்தான் இறங்க வேண்டும்.

5. வில்லை மேல்நோக்கியும் ஏற வேண்டும். அடைப்பு எடுக்கும் இயந்திர லாரி எந்த ஷெட்டில் எத்தனை நாள் சும்மா நிற்கிறது, ஒப்பந்தக்காரர் பிஎஃப் பணத்தை எந்தத் தேதியில் கட்டினார், மேற்பார்வையாளர் களத்துக்கு எத்தனை தடவை வந்தார் என்பதையும் எல்லோரும் பார்க்கும்படி பதியுங்கள். அதைச் செய்துவிட்டு எங்களிடம் வெளிப்படைத்தன்மை பேசுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் நகராட்சியிடம் தகவல் உரிமை மனு போடுங்கள். தனிநபர் பெயர் எதையும் கேட்காதீர்கள். மறுக்கச் சாக்குக் கிடைக்கும். வருகைக் கண்காணிப்புக் கருவிக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு செலவு, வாயு அளவிக்கும் பாதுகாப்பு உடைக்கும் எவ்வளவு செலவு என்று இரண்டு தொகையைக் கேளுங்கள். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு துண்டறிக்கை போட்டால், எங்கள் இந்த நீண்ட கட்டுரை தேவைப்படாது.

பொறியியல் படிக்கும் தோழர்களுக்கு இன்னொரு வேலை. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்த நாட்டில் 2005 முதலே உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கூடியது. ஃபாஸ்டேக் பேசுவதும் அதில்தான், லோரா பேசுவதும் அதில்தான். வில்லையோடு வில்லை பேச முடியும் என்று முன்பு சொன்னோமே, அதற்கான இடம் இது. கோபுரம் இல்லாத மலைக்கிராமத்தில், மேட்டுக்கு ஒன்றாக நாலைந்து லோரா பெட்டிகளை வைத்தால், இந்தக் குடிசையிலிருந்து அந்தச் சாலை வரைக்கும் ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேரும். மலை மறைக்கும் இடத்தில் இடையில் இன்னொரு பெட்டி வேண்டியிருக்கும். மழையில், இடியில் பழுதாகும். பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வலை ஊரின் கையில் இருக்கும். காட்டில் மிளகு பறிக்கிறவர் கழுத்தில் ஒரு வில்லை, விழுந்தால் அழுத்த ஒரு பொத்தான், ஊர்ச் சாவடியில் ஒரு ரீடர். சில்லு அதேதான். அரசியல்தான் வேறு.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் பிறகு போனில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "செய்யலாம்ணா. ஆனா அந்த ரீடரை யார் வீட்டுல வைக்கிறதுன்னு மொதல்ல ஊர்ல பேசணும்" என்றார். ஊரில் அதிகாரம் உள்ளவர் வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிகிறது. சமூகவியலில் முதுகலை முடித்த நமக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்ட விஷயத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அட்டையை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டோம். தூக்கிப் போட மனம் வரவில்லையாம். பிடித்த கூலியைக் கேட்டு என்றைக்காவது வழக்குப் போட்டால் அது சாட்சியாம்.

தோழர்களே, பேஷ்வா கட்டிய கயிறு சாட்சியாகப் புத்தகத்தில் இருக்கிறது. இந்த அட்டையும் இருக்கட்டும். வழக்கு நடத்த வேண்டியது நாம்.

ஜெய்பீம்!